காட்டினாலே போதும்

செக்கானூரணி,
22-7-79

அன்பு மாப்ள காளைக்கு மாமன் பேயாண்டி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். காலேஜ் தேர்தலில் நீ ஜெயித்ததை டீக்கடையில் சொன்னேன். குடித்து முடிப்பதற்குள் உன்னை மந்திரியாக்கிவிட்டேன்! தோற்ற விருமாண்டி மிரட்டுகிறானாமே? சிரிப்புத்தான் வருகிறது. ஒருமுறை சந்தையில் ஏழு பேர் என்னை மடக்கினார்கள். சட்டையைத் தூக்கி இடுப்புத் துப்பாக்கியைக் காட்டினேன். சுடவில்லை மாப்ள, காட்டினாலே போதும். செருப்பை விட்டுவிட்டு ஓடினான்கள். நீ என் ரத்தம். காதுகுத்தில் என் மடியில் உட்கார்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன்.

உன் மாமன்,
பேயாண்டி

மதுரை,
27-7-79

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். ஹாஸ்டலில் பாதிப் பேர் இடுப்பில் ஏதோ வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அது தைரியம், சிலருக்கு வெறும் மிடுக்கு. என் ரூமில் இருக்கும் கல்யாணராமன் மட்டும், "நீ வச்சிருக்கேன்னு தெரிஞ்சா அவன் பெருசா வாங்குவான்டா" என்கிறான். பயந்தாங்கொள்ளி. நேற்று என் கதவில் கத்தியால் கீறியிருந்தார்கள். உங்கள் துப்பாக்கியைக் கொடுங்கள் மாமா. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

காளை

செக்கானூரணி,
2-8-79

மாப்ள, நம்மூர் முத்திருளன் கொண்டுவரும் டின்னில் மேலே உன் அம்மா செய்த அதிரசம், அடியில் மாமன் சீர். கருப்பசாமி காலடியில் வைத்து எடுத்தது. தோட்டா கிடையாது. எனக்கு எப்போது தேவைப்பட்டது?

பேயாண்டி

மதுரை,
14-8-79

மாமா, கேண்டீனில் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். யாரும் ஓடவில்லை. விருமாண்டி டீயை நிதானமாகக் குடித்துவிட்டு, "வெள்ளிக்கெழம சாயந்தரம் யானைமலை அடிவாரத்துக்கு வா. எங்ககிட்டயும் இருக்கு. எங்கதுல தோட்டாவும் இருக்கு" என்றான். ஏழு பேர் வருவார்களாம், உங்களுக்கு வந்த அதே எண்ணிக்கை. போகாவிட்டால் ஹாஸ்டலில் தலைகாட்ட முடியாது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: சட்டையைத் தூக்கியபின் எம்புட்டு நேரத்தில் ஓடினார்கள்? நீங்கள் வேண்டாம் என்றால் போகமாட்டேன். உடனே எழுதுங்கள்.

காளை

செக்கானூரணி,
18-8-79

மாப்ள, சுதந்திர தின லீவில் தபால் தங்கி, உன் கடிதம் சனிக்கிழமையான இன்றுதான் கைக்கு வந்தது.

நேற்றே சொல்லியிருக்க வேண்டியது: போகாதே. சந்தையில் வந்தது ஏழு பேர் இல்லை, ஒருத்தன். துப்பாக்கி என் இடுப்பில்தான் இருந்தது, கை போகவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடினது நான். காதுகுத்தில் நீ வீறிட்டு அழுதாய். நான் ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டதால், உன்னை உன் அப்பா மடிக்கு மாற்றினார்கள். அது ஊருக்கே தெரியும். சந்தைக் கதைதான் யாருக்கும் தெரியாது.

உன் அம்மா வந்து நிற்கிறாள். "எம்மகன் என்னடா எழுதிருக்கான்?" என்கிறாள். "நல்லாருக்கானாம்க்கா" என்றேன். அடுத்த அதிரசத்துக்கு டின் வேண்டுமாம்.

இதைத் தபாலில் போடவில்லை. பஸ் ஏறி நானே கொண்டு வாரேன். கீறல் விழுந்த அந்தக் கதவைத் தட்டுவேன். சத்தம் இல்லையென்றால் இதை அடியில் தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

கதவைத் திற மாப்ள.

பேயாண்டி