வாசல் வரைக்கும் நல்ல காற்று

என்னங்க,

கார் பட்டறையில பெயிண்ட் அடிக்கிறவங்க என்ன காத்தைச் சுவாசிக்கிறாங்கன்னு பார்க்க, போன மாசம் உங்க சட்டையில ஒரு கருவி மாட்டிவிட்டாங்களே, அந்த ஆய்வுக்காரம்மா முடிவைச் சொல்ல வந்தாங்க. புது ஃபேன் போட்டதுல பட்டறை பரவாயில்லையாம். தினம் சாயங்காலம் நம்ம வீட்டு வாசல்லதான் ரசாயன ஆவியோட அளவு எகிறியிருக்காம்.

அவங்க முழிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கல்யாணமான புதுசுல ஒரு நாள் பெயிண்ட் நாத்தம்னு மூக்கைப் பொத்துனேன். அன்னையிலிருந்து வாசல்லயே சென்ட்டுல குளிச்சிட்டுத்தானே படியேறுறீங்க. கருவிக்கு அதுவும் ரசாயன ஆவிதான்.

சென்ட் பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டேன். வெளியூர் வேலை முடிஞ்சதும் வாசல்ல நிக்காம நேரா உள்ள வாங்க. அந்தப் பெயிண்ட் நாத்தம் இல்லாம வீடு என்னவோ மாதிரி இருக்கு.

மூக்கிலிருந்து கையை எடுத்துட்ட,
உங்க வீட்டுக்காரி