ஒட்டுக்குக் கீழே ஒரு தளிர்

அன்பு மகளே,

காலையில் போன் செய்தபோது, "என்னப்பா, ஏதாவது விஷயமா?" என்று கேட்டாய். நாளைக்குப் பாதாம் கன்றுகளுக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீரைத் திறக்கப் போவதாகவும் சொன்னாய். பக்கத்திலிருந்து மாப்பிள்ளை, "மாமா கட்டின ஒட்டு, கடலையே ஊத்தினாலும் தாங்கும்!" என்று சிரித்தார். நான் "சும்மாதாம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சும்மா இல்லை. கிணற்றைத் திறக்காதே.

உனக்குத் தந்த முந்நூறு பாதாம் கன்றுகளும் உப்பைத் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டியவை என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வேர்ச்செடியின் தளிர் சிவப்பாக இருக்கும். என்னிடம் மீந்த கன்றில் ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்தே ஒரு தளிர் வந்திருக்கிறது, பச்சை. அது சாதாரண பீச் வேர், உப்பு பட்டால் கருகிவிடும். இரண்டு வகை நாற்றும் அடுத்தடுத்த பாத்தியில் இருந்தன. பெயரட்டை கட்டியது நான்தான். எத்தனையை மாற்றிக் கட்டினேன் என்று தெரியவில்லை. எட்டு நாளாக வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அது சிவக்கவில்லை.

கீழ்த்தளிரைக் கண்டதும் கிள்ளு என்று உன்னைப் பத்து வயதிலிருந்து நச்சரித்தவன் நான். இப்போது சொல்கிறேன், கிள்ளாதே. மரத்துக்கு ஒன்று வளரட்டும். சிவப்பு வந்த மரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர், பச்சைக்கு நல்ல தண்ணீர். தளிர் நிறம் காட்டும்வரை எல்லாவற்றுக்கும் தொட்டியிலுள்ள நல்ல தண்ணீரையே அளந்து ஊற்று.

உன் ஊர்ப் பக்கம் போகும் லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். "பெரியவரே, லெட்டரா எழுதுறீங்க, உயிலா?" என்கிறார். பொழுது சாய்வதற்குள் உன் கையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு. படித்ததும் போன் செய். மறுபடியும் "சும்மாதாம்மா" என்று சொல்லிவிடுவேனோ என்றுதான் இதை எழுதினேன். எழுதிவிட்டதால் இனி அப்படிச் சொல்ல வழியில்லை.

உன் அப்பா