விகாரி வருடத்துப் பங்குனி

7.11.77 திங்கள்
காலையிலேயே அனல். யோகா எங்களிடம் வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். கொழும்புக் கலவரத்தில் வீடு எரிந்ததும், பிள்ளை பார்க்கும் வேலைக்காரி என்று ஒரு குடும்பத்தோடு விமானம் ஏற்றிவிட்டார்கள். கடவுச்சீட்டில் வயது இருபத்திரண்டு. அந்தக் குடும்பம் இங்கே சிட்னியில் அவளைக் கைவிட்டது. பதினேழுதான் என்கிறாள். பதினெட்டுக்குள் என்று நிரூபித்தால் எங்கள் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்புவார்களாம்.
வாங்க: பால், சவர்க்காரம், அவளுக்குச் செருப்பு.

8.11 செவ்வாய்
பரமட்டா குடிவரவு அலுவலகம். யோகாவின் தாய் அனுப்பிய சாதகம் அங்கேயே வந்திருந்தது. மொழிபெயர்க்க என்னைத்தான் கேட்டார்கள். விகாரி வருடம், பங்குனி 12. என் தம்பியும் விகாரிதான், 1959 ஆவணி. யோசிக்கவே இல்லை. 25 மார்ச் 1959 என்று எழுதிச் சத்தியக் கையெழுத்தும் வைத்தேன். அதிகாரி கழித்துப் பார்த்தார். பதினெட்டு முடிந்து ஏழு மாதம்.
ரயிலில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "என்னையே ஏமாத்திப்போட்டாய்."
"சத்தியமா பதினேழு, அன்ரி."
எங்கள் லிட்கம் நிலையம் வரும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

9.11 புதன்
மழை வரும்போல் இருட்டு, வரவில்லை. இவர் சீனி முறுக்கு கேட்டார். நான் பலகாரம் சுட, யோகா பக்கத்தில் நின்றாள். மெல்லச் சொன்னாள்: "நான் பிறந்த துடக்குத் தீட்டால அந்தமுறை சித்திரை வருசத்துக்கு வீட்டில பலகாரமே சுடேல்லையாம். அம்மா இப்பவும் சொல்லுவா."
எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டேன்.
விகாரி தொடங்கியது 1959 சித்திரையில். பங்குனி அதன் கடைசி மாதம். அப்படியென்றால் 1960 மார்ச் அல்லவா! பதினேழு. பிள்ளை பொய் சொல்லவில்லை. படித்த மடைச்சி நான்.

10.11 வியாழன்
ஒன்பது மணிக்கே பரமட்டா. பஞ்சாங்கம், திகதியைத் திருத்தி நான் எழுதிய கடிதம், எல்லாம் கொண்டுபோனேன். அதிகாரி கோபப்படவில்லை.
"செவ்வாய் 1959 என்று சத்தியம் செய்தது நீங்கள். இன்று 1960 என்பதும் நீங்கள். பிள்ளை மேல் பாசம், புரிகிறது."
பஞ்சாங்கத்தைத் திறக்கவே இல்லை. தொலைபேசியில் யாரிடமோ, "நாளை காலைதான், மாற்றமில்லை."
இவர் வழக்கறிஞரைத் தேடி ஓடுகிறார். ஒருவரும் அகப்படவில்லை.

11.11 வெள்ளி
ஏழு மணி. காற்றே இல்லை. குடிவரவிலிருந்து இரண்டு பேர் வந்து கதிரையில் இருந்தார்கள். தேத்தண்ணி வேண்டாமாம்.
யோகா வாசலில் குனிந்து புதுச் செருப்பைப் போட்டாள். நிமிராமலே கேட்டாள்:
"அன்ரி, எனக்குப் பதினேழு எண்டு நீங்களாவது இப்ப நம்புறியளோ?"
ஓம் என்றேன்.