அடுத்த வீட்டுப் பலகாரம்

சேசு மரி சூசை துணை

ஈப்போ, மலாயா
18-12-1957

அன்புள்ள அம்மாவுக்கு,

திண்டுக்கல்லிலிருந்து நீ கப்பலில் அனுப்பிய பலகாரப் பார்சல் நேற்று வந்தது. தையலைப் பிரிக்கும் முன்பே பிள்ளைகள் இருவரும் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.

முறுக்கு அடுத்த வீட்டு ஜக்கம்மாள் அத்தை கையால் சுற்றியது. அதிரசம் எதிர்வீட்டு டீச்சர் சுட்டது. அவர்தான் இம்புட்டு ஏலக்காய் போடுவார். சீடை யார் வீட்டுடையது என்று தெரியவில்லை. நீ சுட்டது ஒன்றுகூட இல்லை. கைவலி என்று எழுதியிருக்கிறாய்.

விலாசமும் அப்பா கையெழுத்தில் இல்லை.

சித்தப்பா இறந்த வருஷம் நம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தெருவே பலகாரம் கொண்டுவந்து தந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மறக்கவில்லை.

இங்கே எஸ்டேட்டில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் கட்டியாயிற்று. இவர் மூங்கிலில் செய்ததைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். "ஏம்மா, நம்ம வீட்ல மட்டும் கட்டல?" என்று பெரியவன் கேட்டான்.

"அடுத்த வருஷம் கட்டுவோம் அப்பு" என்றேன்.

எனக்கு இது எட்டாம் மாதம். அதை நினைத்துத்தான் மறைக்கிறாய். பிள்ளை பிறக்கும்வரை நானும் ஒன்றும் கேட்கமாட்டேன். அடுத்த கடிதத்திலும் "அப்பா சுகம்" என்றே எழுது, அம்மா.

உன் மூத்த மகள்