தக்காளி லாரியில் வந்த கேஸ்

பாலக்கோடு,
4.6.1974

சேசு மரி சூசை துணை.

அன்பு மனைவி ராஜமேரிக்கு உன் புருஷன் இன்னாசிராஜ் எழுதுவது. இங்கு நானும் எருமையும் சுகம். எருமை மட்டும்தான் வேளைக்குச் சாப்பிடுகிறது. ஆஸ்பத்திரி நர்சு வேலையை விட்டுவிட்டு வூடு வந்து சேர். இல்லாவிட்டால் பூச்சி மருந்தைக் குடித்துவிடுவேன். இது சத்தியம்.

இன்னாசிராஜ்


தருமபுரி,
9.6.1974

அன்புள்ள வூட்டுக்காரருக்கு வணக்கம். மருந்து குடித்தவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். குழாய் விட்டு வயிற்றைக் கழுவும்போது எல்லோரும் ஒரே பாட்டுதான்: "ஐயோ அக்கா, இனிமே மாட்டேங்க!" நீங்களோ கசாயத்துக்கே ஊரைக் கூட்டுகிறவர். பேசாமல் களியைக் கிண்டிச் சாப்பிடுங்கள்.

ராஜமேரி


பாலக்கோடு,
21.6.1974

ராஜமேரிக்கு, தொண்டைப் புண்ணோடு எழுதுகிறேன். நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. வாசத்துக்குச் சட்டையில் தெளித்துக்கொண்டு படுத்தேன். தம்பி சவரி உனக்கு ஆள் அனுப்புவான், நீ ஓடி வருவாய் என்று நினைத்தேன். அந்தப் பாவி, சந்தைக்குப் போன தக்காளி லாரியை மறித்து என்னைக் கூடைகள் மேல் ஏற்றிவிட்டான். அதற்குள் தெருப் பெண்கள் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இத்தனை நல்ல குணமா என்று கேட்கச் சுகமாக இருந்ததால் நானும் கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ தொண்டையில் குழாயை விட வந்தபோது "குடிக்கலீங்க, குடிக்கலீங்க" என்று கத்தினேனே, காதில் விழவில்லையா? கட்டின புருஷன் என்ற இரக்கம் வேண்டாமா? போலீஸ்காரர் வேறு வந்து கேள்வி கேட்டார்.

இன்னாசிராஜ்


தருமபுரி,
26.6.1974

அன்புள்ளவருக்கு, குடித்தவர்களும் "குடிக்கலீங்க" என்றுதான் கத்துகிறார்கள். நம்பிவிட்டால் பிணத்தைத்தான் அனுப்ப வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்தபிறகும் நானேதான் குழாயை விட்டேன். எல்லாம் முடிந்தபின் மருந்து அறைக்குள் போய்த் தேம்பி அழுதேன். இன்னும் உங்கள் மேல் கோபம் தீரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த செல்லி நிஜமாகவே குடித்தவள். சும்மா மிரட்டுகிறாள் என்று அவள் புருஷன் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மயிரிழையில் பிழைத்தாள். கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாவணும்னு இல்லீங்க அக்கா. உனக்கு என்னடின்னு ஒருத்தராச்சும் கேக்கணும்னுதான்" என்றாள்.

நான் கேட்கிறேன். உங்களுக்கு என்ன? வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ராஜமேரி


பாலக்கோடு,
1.7.1974

ராஜமேரி, நீ படித்தவள். நான் மாடு மேய்க்கிறவன். டவுனே போதும் என்று இருந்துவிடுவாயோ என்று பயம். அவ்வளவுதான். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வேலையை விடாதே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நானே அங்கு வருகிறேன். பஸ்ஸில், உட்கார்ந்துகொண்டு.

உன் இன்னாசி