அப்பா குடிக்காத சாராயம்

கண்டி,
ஞாயிறு, பூசைக்குப் பின்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நம்பி எழுதுகிறேன்.

அப்பா குடித்ததே இல்லை. அவர் தள்ளாடியதற்கும் சோற்றுப் பீங்கானைத் தவறவிட்டதற்கும் வேறு காரணம் இருந்திருக்கிறது. மூளையின் கலங்களுக்குள் ஒரு புரதம் அளவுக்கு மீறி நீளமாக உருவாகி, சரியாக மடியாமல் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, அந்தக் கலங்களையே மெல்லக் கொன்றுவிடுமாம். பேராதனை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். நான் எதற்கு அங்கே போனேன் என்று இப்போது கேட்காதே.

"சத்தியமா நான் தொடல, மகன்" என்று அப்பா அழுதார். நாம்தான் விடவில்லை. அந்தோனியார் சுரூபத்தில் கை வைக்கச் சொன்னோம். அவர் கை உதறியதில் சுரூபம் விழுந்து, அந்தோனியார் கையிலிருந்த பாலன் இயேசுவின் விரல்கள் உடைந்தன. "வெறி இன்னும் இறங்கல" என்று நீ கத்தினாய். நான் அவரை அறைந்தேன்.

பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பாம். இரத்தம் கொடுத்துப் பார்ப்பதும் பார்க்காததும் உன் விருப்பம்.

நேற்று என் மகள் நதீஷா அதே சுரூபத்தை அலுமாரியிலிருந்து எடுத்துவந்து என் முன் வைத்தாள். தையில் அவளுக்குக் கலியாணம்.

"இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்பா."

வலக்கையை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். நீ அவளிடம் எதுவும் சொல்லிவிடாதே. குடிகாரனின் மகள் என்றால், அவளுக்கு வெறும் வெட்கத்தோடு போய்விடும்; இந்த நோய்க்காரனின் மகள் என்றால் அதோடு போகாது.

உன் அண்ணன்