வெந்நீர்ப் பங்கு

18 ஜூலை 1996, வியாழன்

1. கேஸ் சிலிண்டர் மாதக் கடைசி வரை வர வேண்டும்.
2. ஆகவே சம்பாதிப்பவர்களுக்கு மட்டும் வெந்நீர்.
3. என் மனைவி கமலத்துக்குப் பச்சைத்தண்ணீர் பழக்கம்.

நேற்றுச் சாப்பிட்டு முடித்ததும் மகன் ரவி முதல் இரண்டையும் தீர்மானமாகச் சொன்னான். "அப்பாக்குப் பென்ஷன் வரதே, அப்பாவும் உண்டு" என்று சிரித்தான். வேலைக்குப் போகும் மருமகள், "அம்மா எங்கயும் போண்டாமே, அடுக்களைக்குத்தானே" என்றாள். தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த கமலத்தை யாரும் கேட்கவில்லை. மூன்றாவதைச் சொன்னது நான். பேச்சை முடிப்பதற்காகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

குளிக்காமல் அவள் அடுக்களையில் கால் வைப்பதில்லை. இன்று விடியுமுன், கர்க்கடக மாதத்து அடைமழையில், கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து எங்கள் மூவருக்கும் வெந்நீர் போட்டாள். என் வாளியை அவளே தூக்கி வந்து வைத்தாள். நான் நிதானமாகக் குளித்தேன்.

இப்போது இருமிக்கொண்டே படுத்திருக்கிறாள். "உனக்குப் பழக்கம்தானே?" என்று கேட்டேன்.

"என்னிக்கு நான் பச்சைத்தண்ணியில குளிச்சேன்? நீங்க எழுந்திருக்கறப்போ என் தலையே காஞ்சிருக்கும். உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

ரவியிடம் சொன்னால், உங்க பங்கைக் கொடுங்கோ என்பான். எனக்கு மூட்டுவலி இருக்கிறது. சொல்லப்போவதில்லை. இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்: மூன்றாவது தவறு.